டெல்டா ஆய்வாளர்கள் லேசர் நுண்ணோக்கி வசதியைப் பெறுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளில் ஆய்வு செய்யும் மாணவர்கள் பலர், தங்கள் கேள்விக்கு விடை காண லேசர் கொண்டு படமெடுக்கும் ஒரு கான்ஃபோகல் நுண்ணோக்கி வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்ததும், கருவி தங்கள் துறையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கேள்வியையே சுருக்கிக்கொள்கிறார்கள். நெல் இலைக்குள் பூஞ்சை எந்தச் செல் வழியாக நுழைந்தது என்று பார்க்க நினைத்தவர், இலையின் மேல் எத்தனை புள்ளிகள் விழுந்தன என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறார். இந்த இழப்பு தேவையற்றது. கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள இக்கருவிகளில் பெரும்பகுதி அரசின் பணத்தில் வாங்கப்பட்டவை. வெளி நிறுவனத்தாரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பெறுவதற்குச் சிபாரிசு தேவையில்லை. தெளிவாக எழுதிய கேள்வியும் ஒழுங்காகத் தயாரித்த மாதிரியும் இருந்தால் போதும். இவ்விரண்டையும் நம் ஊரிலேயே, நம் துறையின் ஆய்வகத்திலேயே முடித்துவிட முடியும்.

கேள்விக்கு ஏற்ற கருவி எது?

சாயமேற்றிய மாதிரி ஒளிர்வதைக் காட்டும் சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில், மாதிரி முழுவதும் ஒரே நேரத்தில் ஒளியூட்டப்படுவதால், நாம் பார்க்கும் தளத்துக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளின் மங்கலான ஒளியும் படத்தில் கலந்துவிடுகிறது. கான்ஃபோகல் கருவியில் லேசர் ஒளி ஒரு புள்ளியாகக் குவிக்கப்பட்டு, மாதிரியின் மீது வரிவரியாக நகர்த்தப்படுகிறது. திரும்பிவரும் ஒளிர்வில் குவியத் தளத்திலிருந்து வருவதை மட்டுமே ஒரு நுண்துளை, ஒளியை அளக்கும் உணரிக்குள் விடுகிறது. மார்வின் மின்ஸ்கி 1957-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த எண்ணத்தால்தான், ஒரு திசுவைச் சீவாமலேயே அடுக்கடுக்காகப் படமெடுத்து முப்பரிமாண உருவமாகச் சேர்க்க முடிகிறது. 488 நானோமீட்டர் லேசரும் என்.ஏ. (ஒளியைத் திரட்டும் திறனின் அளவு) 1.4 கொண்ட, எண்ணெய்த் துளி இட்டுப் பயன்படுத்தும் எண்ணெய் லென்ஸும் இருந்தால், பக்கவாட்டில் சுமார் 200 நானோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கலாம். ஆழத்தின் திசையில் இந்தத் திறன் அரை மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். 1873-இல் எர்ன்ஸ்ட் அபே வகுத்த ஒளியியல் வரம்பு இது.

அந்த வரம்பைத் தாண்டுவதற்காக, குவிந்த புள்ளியின் ஓரத்து ஒளிர்வை இன்னொரு லேசரால் அணைக்கும் ஸ்டெட் முறையின் கோட்பாட்டை ஸ்டெஃபான் ஹெல் 1994-இல் முன்வைத்தார். வரம்பு கடந்த நுண்ணோக்கியியலுக்காக அவருக்கும் எரிக் பெட்சிக், வில்லியம் மோர்னர் ஆகியோருக்கும் 2014-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தடித்த திசுவின் உட்புறத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு இரு ஃபோட்டான் நுண்ணோக்கி இருக்கிறது. ஒரு மூலக்கூறு இரண்டு ஒளித்துகள்களை ஒரே நேரத்தில் உட்கொள்ளும் என்று மரியா கோப்பர்ட் மேயர் 1931-இல் கணித்த நிகழ்வை, 1990-இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகிய மூவர் நுண்ணோக்கியாக மாற்றிக் காட்டினர். இதில் பயன்படும் அகச்சிவப்பு ஒளி குறைவாகச் சிதறுவதால், சாதாரண கான்ஃபோகல் நூறு மைக்ரானுக்குள் திணறி நின்றுவிடும் திசுவில் இது சில நூறு மைக்ரான் வரை செல்லும்.

இவற்றின் பெயர்களைக் கேட்டவுடன் மிக உயர்ந்த கருவியையே கேட்டுவிடத் தோன்றுவது இயல்பு. ஆனால், டெல்டா மண்ணிலிருந்து எழும் உயிரியல் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண கான்ஃபோகலே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டெட் கருவிக்கென்று தனிச் சாயங்கள் வேண்டும், மாதிரி மிக மெல்லியதாக இருக்க வேண்டும், லேசரின் தாக்குதலை அது தாங்க வேண்டும். கான்ஃபோகலில் நல்ல படம் தராத மாதிரி அங்கேயும் நிச்சயம் தராது. அதேபோல், முதலில் அருகிலுள்ள ஒரு துறையின் சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் மாதிரியைப் பார்த்துவிட வேண்டும். சாயம் பிடித்திருக்கிறதா, ஒளிர்வு எங்கே இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அங்கே எதுவும் தெரியவில்லை என்றால், குறை பெரும்பாலும் சாயமேற்றலில்தான் இருக்கும்; அதைச் சரிசெய்யாமல் சென்னைக்கு டிக்கெட் எடுப்பதில் பயனில்லை.

சாயமே தேவைப்படாத இன்னொரு வகையும் உண்டு. திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறலை அடிப்படையாகக் கொண்ட ராமன் நுண்ணோக்கி, ஒரு பொருளின் மீது லேசரைக் குவித்து, சிதறிவரும் ஒளியின் அலைநீள மாற்றத்தைக் கொண்டு அது என்ன பொருள் என்றே சொல்லிவிடுகிறது. நாகப்பட்டினம் கடற்கரை மணலில் சிக்கிய சில மைக்ரான் அளவுள்ள நெகிழித் துகள் பாலிஎத்திலீனா, பாலிஸ்டைரீனா என்று அறிவதற்கும், பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்றின் சிவப்பு எந்த நிறமி என்று அறிவதற்கும், திருச்சியில் பட்டை தீட்டப்படும் கல் வைரமா, வைரம் போன்ற வேறொன்றா என்று பிரிப்பதற்கும் இது பயன்படும். வைரத்தின் அடையாளக் கோடு 1332 என்ற அலை எண்ணில் தெளிவாக எழும். பழைய ஓவியங்களின் மெருகுப் பூச்சு 532 நானோமீட்டர் லேசரில் வலுவாக ஒளிர்ந்து ராமன் கோடுகளை மூழ்கடித்துவிடுவதால், அவற்றுக்கு 785 நானோமீட்டர் லேசர் உள்ள கருவியைத் தேட வேண்டும். மேலும், ஈயம் கலந்த நிறமிகள் லேசரின் வெப்பத்தில் கறுத்துவிடக்கூடியவை என்பதால், மிகக் குறைந்த திறனில் தொடங்குமாறு, கருவியை இயக்கும் இயக்குநரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவது அவசியம்.

எங்கே தேடுவது?

முதலில் பார்க்க வேண்டியது ஐ-ஸ்டெம் இணையதளம். மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முன்னெடுப்பான இது, 2020 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. நாடு முழுவதும் உள்ள கல்வி, ஆய்வு நிறுவனங்கள் தங்கள் கருவிகளை இதில் பட்டியலிடுகின்றன. பதிவு செய்துகொண்டவர்கள் கருவியின் பெயரையோ நகரத்தையோ இட்டுத் தேடி, அங்கிருந்தே முன்பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு பதிவு செய்வது நல்லது. தேடும்போது ஒரே சொல்லோடு நின்றுவிடக் கூடாது. ஒரே கருவியை ஒரு நிறுவனம் 'கான்ஃபோகல்' என்றும், இன்னொரு நிறுவனம் 'லேசர் ஸ்கேனிங்' என்றும், மற்றொன்று தயாரிப்பாளரின் மாடல் எண்ணைக் கொண்டும் பதிவு செய்திருக்கும்.

இரண்டாவது, அறிவியல் தொழில்நுட்பத் துறை நிறுவியுள்ள உயர்தரப் பகுப்பாய்வுக் கருவி மையங்கள். சைஃப் என்று அழைக்கப்படும் இவற்றில் நமக்குத் தெரிந்தது சென்னை ஐஐடியில் உள்ளது. வெளியிலிருந்து வரும் மாதிரிகளை ஏற்பதுதான் இம்மையங்களின் அடிப்படைப் பணி. கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான ஸ்ரீமான் வழிகாட்டு நெறிகளையும் அதே துறை 2022-இல் வெளியிட்டிருக்கிறது.

ஆனாலும், தொலைவில் தேடுவதற்கு முன் அருகில் விசாரிப்பதே முறை. திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தேசிய தொழில்நுட்பக் கழகமும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், தஞ்சாவூரில் சாஸ்த்ரா பல்கலைக்கழகமும் தேசிய உணவுத் தொழில்நுட்பக் கழகமும், திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும், கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையமும் இருக்கின்றன. நம்மிடமிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள ஒரு நுண்ணோக்கிக்கு இரண்டு முறை போய்வர முடியும் என்பது, பெங்களூரில் உள்ள மேலான கருவிக்கு ஒரே முறை போவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் பயன் தரும். முதல் முறையில் மாதிரியின் குறைகள் தெரியும், இரண்டாம் முறையில் படம் கிடைக்கும்.

பட்டியலில் இருக்கும் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்ணப்பத்துக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். கருவி தற்போது இயங்குகிறதா, எந்தெந்த அலைநீள லேசர்கள் வேலை செய்கின்றன, 63 மடங்கு எண்ணெய் லென்ஸ் உண்டா, எத்தனை உணரிகள் உண்டு, இயக்குநர் உடனிருப்பாரா, மாதிரியை அஞ்சலில் அனுப்பினால் ஏற்பார்களா, நேரில்தான் வர வேண்டுமா என்ற இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதில்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 405, 488, 561, 640 ஆகிய நான்கு லேசர்களில் ஒன்று பழுதாகி மாற்றப்படாமல் இருப்பது எங்கும் நடப்பதுதான். நம் சாயத்துக்கு வேண்டிய லேசர் அதுவாக இருந்துவிட்டால் மொத்தப் பயணமும் வீண்.

வெளிநாட்டு வாய்ப்புகளும் உண்டு. அமெரிக்காவின் ஜனேலியா வளாகத்தில் உள்ள உயர்நிலைப் படமெடுப்பு மையம், தேர்ந்தெடுக்கப்படும் ஆய்வாளர்களுக்குத் தன் கருவிகளைக் கட்டணமின்றித் தருகிறது. யூரோ-பயோஇமேஜிங் அமைப்பும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பங்களை ஏற்கிறது. உயிரினங்களின் மாதிரியை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்கு 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டம் பொருந்தும் என்பதால், சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்முக ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் ஒரு நெல் இலையைக்கூட அனுப்பக் கூடாது.

விண்ணப்பத்தை எழுதுதல்

கருவி மையத்தில் இருப்பவர் நம் விண்ணப்பத்தைப் படிக்கும்போது அவர் மனதில் இருப்பவை மூன்றே கேள்விகள்: இது இந்தக் கருவியால் முடியுமா, எவ்வளவு நேரம் எடுக்கும், கருவிக்கோ ஆட்களுக்கோ இதனால் தீங்கு வருமா? இம்மூன்றுக்கும் பதில் இருக்கும் விண்ணப்பம் விரைவில் நகரும்.

'எங்கள் மாதிரிகளைக் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்க்க அனுமதி வேண்டுகிறோம்' என்று மட்டும் எழுதினால், இயக்குநர் விளக்கம் கேட்டு எழுத வேண்டியிருக்கும், அதற்கு நாம் பதில் எழுத வேண்டியிருக்கும், இதற்கிடையில் வரிசையில் நமக்குப் பின்னால் இருந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

'நெற்பயிரின் குலை நோய்ப் பூஞ்சை, நோய்க்கு எளிதில் ஆட்படும் கோ 39 இரகத்திலும் எங்கள் ஆய்விலுள்ள ஓர் இரகத்திலும் இலையுறையின் முதல் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பரவும் வேகத்தை ஒப்பிட விரும்புகிறோம். பூஞ்சை ஏற்றப்பட்ட 24, 36, 48 மணி நேரங்களில் இலையுறைகள் 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. உயிருள்ள பூஞ்சை எதுவும் இல்லை. பூஞ்சையின் கைட்டின் சுவர் அலெக்சா 488 இணைத்த கோதுமை லெக்டினாலும், பயிரின் செல்சுவர் புரோபிடியம் அயோடைடாலும் சாயமேற்றப்பட்டுள்ளன. 488, 561 லேசர்களும் 40 அல்லது 63 மடங்கு லென்ஸும் தேவை. மொத்தம் 12 ஸ்லைடுகள். ஸ்லைடு ஒன்றுக்கு இரண்டு இடங்கள், இடமொன்றுக்கு சுமார் 10 நிமிடம் என்ற கணக்கில் நான்கு மணி நேரம் கோருகிறோம். சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் எடுத்த படம் இணைக்கப்பட்டுள்ளது.'

இந்தக் கடைசி வாக்கியத்தின் மதிப்பு மிகப் பெரியது. மாதிரி ஒளிர்கிறது என்பதற்கான சான்று கையில் இருக்கும்போது இயக்குநருக்கு நம்பிக்கை பிறக்கிறது. விண்ணப்பத்தில் நெறியாளர், துறைத்தலைவர் கையொப்பங்கள் இருக்க வேண்டும். மரபணு மாற்றிய உயிரி என்றால் நம் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும், மனித மாதிரி என்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இணைக்கப்பட வேண்டும். இவை கல்லூரியில் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் அந்த வேலையை முதலில் தொடங்கிவிட வேண்டும்.

கட்டணம் பெரும்பாலும் மணிக்கணக்கிலோ மாதிரிக் கணக்கிலோ இருக்கும். சொந்த நிறுவனத்தார், பிற கல்வி நிறுவனத்தார், தேசிய ஆய்வகங்கள், தொழில் நிறுவனங்கள் என்று படிப்படியாக உயரும். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். உதவித்தொகை பெறும் மாணவர்கள் இதை எதிர்பாராச் செலவினத் தொகையிலிருந்து செலுத்தலாம். புதிதாக ஆய்வுத்திட்டம் எழுதும் ஆசிரியர்கள், கருவிக்கட்டணம், பயணம் இரண்டுக்கும் தனித் தலைப்பில் தொகை கேட்டுவிட வேண்டும். கருவி வாங்கவே நிதி கேட்கும் திட்டத்தைவிட, இருக்கும் கருவியைப் பயன்படுத்த நிதி கேட்கும் திட்டம் எளிதில் ஏற்கப்படும் என்றே நினைக்கிறேன்.

மாதிரி தயாரிப்பு

படத்தின் தரம் கருவியின் முன் அமர்வதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நெல்லின் இலையும் உறையும் மெழுகு படிந்தவை, உள்ளே காற்றறைகள் நிறைந்தவை. திசுவைச் சிதையாமல் நிலைநிறுத்தும் திரவத்தில் போட்டால் மிதந்துகொண்டிருக்கும், உட்புறம் அழுகத் தொடங்கும். ட்வீன்-20 என்ற ஈரமாக்கும் பொருளை ஒரு துளி சேர்த்து, வெற்றிடப் பம்பில் வைத்துக் காற்றை உறிஞ்சி, திசு திரவத்தின் அடியில் மூழ்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பாராஃபார்மால்டிஹைடு கரைசல் புதிதாகத் தயாரிக்கப்பட்டதாகவும், பி.எச். 7.4 பாஸ்ஃபேட் தாங்கலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) கரைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தயாரிப்பது புகைபோக்கி அறைக்குள் மட்டுமே.

தாவரத் திசுவின் முதன்மைச் சிக்கல் அதன் தன்னொளிர்வு. பச்சையம் 650 முதல் 750 நானோமீட்டர் வரை சிவப்பில் ஒளிரும். ஆகவே பச்சைத் திசுவில் அடர்சிவப்புச் சாயங்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. லிக்னினும் பீனால் பொருள்களும் 405, 488 லேசர்களில் நீலத்திலும் பச்சையிலும் ஒளிரும். அதிலும், நோய்க்கு எதிர்வினையாகச் செல்கள் பீனால்களைக் குவிக்கும் இடமும் பூஞ்சை நுழையும் இடமும் ஒன்றே என்பதால், பூஞ்சையின் சாயம் என்று நாம் நினைக்கும் பச்சை ஒளி பயிரின் சொந்த ஒளியாக இருந்துவிட வாய்ப்புண்டு. இதைப் பிரித்தறிய ஒரே வழி கட்டுப்பாட்டு மாதிரிகள்தான். சாயமேற்றாத நோய்த்திசு ஒன்று, சாயமேற்றிய நோயற்ற திசு ஒன்று, ஒவ்வொரு சாயமும் தனித்தனியே ஏற்றப்பட்டவை என்று இவை இல்லாமல் எடுக்கப்படும் கான்ஃபோகல் படம் அழகாக இருக்கலாம், ஆனால் அறிவியல் சான்றாகாது. நேரம் போதவில்லை என்றால் ஆய்வு மாதிரியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, கட்டுப்பாட்டு மாதிரியைக் குறைக்கக் கூடாது.

பச்சையத்தை ஆல்கஹாலில் கரைத்து நீக்குவது பழைய வழக்கம். பச்சை ஒளிர் புரதம் ஏற்றப்பட்ட பூஞ்சையைப் பயன்படுத்துபவர்கள் அதைச் செய்தால் புரதத்தின் ஒளிர்வும் போய்விடும். அவர்களுக்கு யூரியா, சைலிட்டால், சோடியம் டிஆக்சிகோலேட் ஆகியவை கலந்த, ஒளிர்வைக் காத்தபடி திசுவைத் தெளிவாக்கும் கிளியர்சீ கரைசல் பொருத்தமானது. தாவரவியல் துறைகளில் நிலையான ஸ்லைடுகளுக்குப் பயன்படும் டிபிஎக்ஸ் என்ற ஒட்டும் ஊடகம், ஆல்கஹாலும் சைலீனும் கொண்டு நீர் நீக்கிய மாதிரிக்கே உரியது. ஒளிர்வுப் பணிக்கு, ஒளிமங்கலைத் தடுக்கும் மருந்து கலந்த கிளிசரால் அல்லது இறுகும் வகை ஊடகமே ஏற்றது.

கவர்ஸ்லிப்பின் தடிமனைப் பலர் கவனிப்பதில்லை. உயர் என்.ஏ. லென்ஸ்கள் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பெட்டியின் மேல் எண் 1.5 என்று அச்சிட்டிருப்பதே அந்தத் தடிமன். எண் 1 கண்ணாடியைப் போட்டால் படம் மங்கும். 63 மடங்கு எண்ணெய் லென்ஸின் இயங்குதூரம் ஏறக்குறைய கவர்ஸ்லிப்பின் தடிமன் அளவேதான் என்பதால், தடித்த வேர்த் துண்டை வைத்துக்கொண்டு அதன் நடுவைப் பார்க்க முயல்வது நடக்காது. ஓரங்களை நகப்பூச்சால் அடைத்து முற்றிலும் உலரவிட வேண்டும்; உலராத பூச்சு லென்ஸில் ஒட்டினால் அது நம்மோடு முடியாது, அடுத்து வருபவர்கள் எல்லோருக்கும் இடைஞ்சலாகும்.

கடலோரத்தில் வன்னமெய் இறால் வளர்ப்பில் ஈ.எச்.பி. என்ற நுண்வித்துயிரி ஒட்டுண்ணியை ஆராய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இறாலின் ஹெபடோபான்கிரியாஸ் என்ற செரிமானச் சுரப்பி, இறால் இறந்தவுடன் தன் நொதிகளாலேயே சிதையத் தொடங்கும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகம் வரை கொண்டுவரும் எண்ணத்தைக் கைவிட்டு, குளக்கரையிலேயே திறந்து நிலைநிறுத்தும் திரவத்தில் போட்டுவிட வேண்டும். வித்துகளின் சுவரில் கைட்டின் இருப்பதால் கால்கோஃப்ளூர் வெள்ளைச் சாயம் அவற்றை 405 லேசரில் நன்றாகக் காட்டும்.

பருவமும் பயணமும்

டெல்டாவில் ஆய்வின் நாள்காட்டியை நிர்ணயிப்பது தண்ணீர். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை ஒரு கணக்கில் நடக்கும். தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும். குலை நோய், இரவு குளிர்ந்து பனி இறங்கும் சம்பா, தாளடிப் பருவத்தில்தான் வலுக்கும். கருவிக்கான வரிசை வாரக்கணக்கில் இருக்கும் என்பதால், மார்கழியில் வயலில் மாதிரி எடுக்கப்போகிறவர் புரட்டாசியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் அடைமழையும் ரயில்களை நிறுத்திவிடும் நாள்களைத் தவிர்ப்பதும் நல்லது. நிலைநிறுத்திய, சாயமேற்றாத திசு, தாங்கலில் 4 டிகிரி குளிரில் சில வாரங்கள் தாங்கும். சாயத்தைப் பயணத்துக்கு ஓரிரு நாள்களுக்கு முன் ஏற்றினால் போதும்.

சென்னைக்குத் தஞ்சாவூரிலிருந்து உழவன் விரைவு ரயிலும் மன்னார்குடியிலிருந்து மன்னை விரைவு ரயிலும் இரவில் செல்கின்றன. பெங்களூருக்கு, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மைசூரு செல்லும் ரயில் இருக்கிறது. இரவுப் பயணம் மாதிரிக்கும் நல்லது, வெயில் படாது. ஸ்லைடுகளை மூடிய ஸ்லைடு பெட்டியில் படுக்கைவாட்டில் அடுக்கி, அலுமினியத் தாளில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் ஜெல் ஐஸ் பொதிகளுக்கு நடுவே, அவை நேரடியாகத் தொடாதபடி துணி வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். உறைந்துவிட்டால் திசு கிழிந்துவிடும். பாராஃபார்மால்டிஹைடு போன்ற திரவங்களை ரயிலில் எடுத்துச்செல்வது தவறு. மாதிரியை அதிலிருந்து கழுவி, தாங்கலுக்கு மாற்றிவிட்டே புறப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் உபரி ஸ்லைடு எடுத்துச்செல்லுங்கள்.

கருவியின் முன்

ஒதுக்கிய நேரத்துக்கு அரை மணி முன்பே போய்ச் சேர்ந்து, ஸ்லைடுகளை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, பனித்த ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். இயக்குநரிடம் எந்த வரிசையில் பார்க்க விரும்புகிறோம் என்று எழுதிய தாளைக் கொடுத்துவிட்டால் அவர் வேலை பாதியாகும். குறைந்த உருப்பெருக்கத்தில் இடத்தைக் கண்டுபிடித்த பின்பே எண்ணெய் லென்ஸுக்கு மாற வேண்டும்.

மிகவும் பளிச்சென்று ஒளிரும் ஸ்லைடை முதலில் வைத்து, எந்தப் பிக்சலும் உச்ச அளவைத் தொட்டுவிடாதபடி லேசர் திறனையும் உணரியின் மிகைப்பையும் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) அமைத்து, அதே அமைப்பை எல்லா ஸ்லைடுகளுக்கும், குறிப்பாகக் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கும், மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். அமைப்பை மாற்றிவிட்டால் இரண்டு படங்களின் ஒளிர்வை ஒப்பிடும் உரிமை போய்விடுகிறது. லேசர் திறனை ஒன்றிரண்டு விழுக்காட்டில் தொடங்குவதே நல்லது. அதிகத் திறனில் சாயம் கண்ணெதிரே வெளுத்துப்போகும். நுண்துளையின் அகலத்தை ஒரு 'ஏரி அலகில்' (Airy unit: குவிந்த ஒளிப்புள்ளியின் அகலம்) வைக்கலாம். இரு சாயங்களை ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால், ஒன்றின் ஒளி மற்றதன் உணரியில் கசிவது குறையும். 63 மடங்கு லென்ஸில் பிக்சல் அளவு 70 முதல் 80 நானோமீட்டருக்குள்ளும், அடுக்குகளின் இடைவெளி 0.2 முதல் 0.3 மைக்ரானுக்குள்ளும் இருந்தால் லென்ஸின் திறன் வீணாகாது.

தொழிற்கூடங்களுக்கு

திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதிகளில் கொதிகலன் உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்கும், அரிசி ஆலைகளுக்கும், உணவுப்பொருள் தயாரிப்பாளர்களுக்கும் இதே வாசல் திறந்தே இருக்கிறது. ஐ-ஸ்டெம் தளத்தில் தொழில் நிறுவனங்களும் பதிவு செய்துகொள்ளலாம். உலோகப் பரப்புக்கு வேண்டியது வேறு வகைக் கான்ஃபோகல். அது சாயமின்றி, பரப்பிலிருந்து திரும்பும் லேசரைக் கொண்டு மேடுபள்ளங்களை அளந்து, பரப்பின் சொரசொரப்பை ஐஎஸ்ஓ 25178 தரநிலைப்படி எண்ணாகத் தரும். ஊசி முனையால் உரசி அளக்கும் கருவிபோல் பரப்பில் கீறல் விழுவதில்லை. துண்டில் எண்ணெயோ துருவோ இல்லாமல் துடைத்து, கடைசல் நடந்த திசையை அம்புக்குறியிட்டு அனுப்ப வேண்டும். உணவுப்பொருளில் கொழுப்பு எங்கே படிந்திருக்கிறது என்று பார்க்க நைல் ரெட் சாயமும் சாதாரண கான்ஃபோகலும் போதும்.

தொழில் நிறுவனங்கள் இரண்டை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: முடிவுகள் வெளியாகாது என்ற ரகசிய ஒப்பந்தம், மற்றும் நமக்குக் கிடைக்கப்போவது வெறும் படங்களா, விளக்கத்துடன் கூடிய அறிக்கையா என்ற உறுதி. அறிக்கைக்குத் தனிக் கட்டணம் இருக்கும். படங்களுக்கு விளக்கம் சொல்லத் தெரிந்தவர் தொழிற்கூடத்தில் இல்லையென்றால் அதைக் கொடுத்து வாங்குவதே சிக்கனம்.

கோப்புகளும் நன்றியும்

1024-க்கு 1024 பிக்சல் கொண்ட 16 பிட் படம் ஒன்று 2 எம்பி. முப்பது அடுக்கு, இரண்டு சாயம் என்றால் ஓர் இடத்துக்கு 120 எம்பி ஆகும். பத்து இடங்கள் எடுத்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். வைரஸ் பயத்தால் பல மையங்கள் பென் டிரைவை அனுமதிப்பதில்லை என்பதால், கோப்பை எப்படித் தருவார்கள் என்று முன்பே கேட்டுவிட வேண்டும். கருவியின் மூலக் கோப்பையே வாங்க வேண்டும், ஜேபெக் படத்தை மட்டும் வாங்கிவரக் கூடாது. லேசர் திறன், லென்ஸ், பிக்சல் அளவு ஆகிய எல்லா விவரங்களும் மூலக் கோப்பில்தான் பதிந்திருக்கும். அதை இலவச மென்பொருளான ஃபிஜியில் திறந்து, அளவுகோல் இட்டு, அடுக்குகளைச் சேர்த்து, ஒளிர்வை அளக்கலாம். மாறுபாட்டைக் கூட்டினால் படம் முழுவதற்கும், ஒப்பிடும் எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவில் கூட்ட வேண்டும்; செய்ததைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எழுத வேண்டும்.

வெளியாகும் கட்டுரையில் மையத்தின் பெயரையும் இயக்குநரின் உதவியையும் குறிப்பிடுவது கடமை. பரிசோதனையை வடிவமைப்பதிலோ முடிவை விளக்குவதிலோ அவர் பங்களித்திருந்தால், நன்றியுரை போதாது, ஆசிரியர் பட்டியலில் இடம் தர வேண்டும். கட்டுரை வெளியானதும் அதன் ஒரு படியை மையத்துக்கு அனுப்புங்கள். கருவியின் பராமரிப்புக்கு நிதி கேட்கும்போது, எத்தனை வெளி ஆய்வாளர்களின் கட்டுரைகள் அதிலிருந்து வந்தன என்பதை அவர்கள் காட்ட வேண்டியிருக்கிறது.